சனிக்கிழமை ஜமீலாவுக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வராந்தாவில் கட்சிக்காரர் ஒருவருக்கு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப விளக்கிக்கொண்டிருந்தபோது குமாஸ்தா வந்து நின்றார். “மேடம், நம்ம ஜமீலா மேடம் தவறிட்டாகளாம். காலையில பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தவிய அப்படியே சாஞ்சிட்டாகளாம்” என்றார். இருபது வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி போய்விட்டாள் என்று கேட்டதும் மனசுக்குள் முதலில் என்ன வர வேண்டும்? எனக்கு வந்தது, ‘அப்படின்னா இனி சனிக்கிழமை யாருக்கு?’ என்பதுதான். அதை ஒளித்துவைத்துவிட்டு ஈடு செய்ய முடியாத இழப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவளை அறிந்த நீங்கள் அதைப் படித்தால் சிரிப்பீர்கள். அவள் இருந்தால் இன்னும் சத்தமாகச் சிரிப்பாள்.

சனிக்கிழமை விவகாரம் உங்களில் பலருக்குத் தெரியாது. நான் சென்னையில் கல்லூரி படித்தபோது குதிரை ஏறியவள், போட்டியில் கோப்பை வாங்கியவள். பிறகு கல்யாணம், பிள்ளைகள், கறுப்புக் கோட்டு, உடம்பு. ஐம்பது நெருங்கும்போது ராஜபாளையத்தில் என் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி, மலையடிவார மாந்தோப்பு ஒன்றில் கோபால்ராஜா என்பவர் குதிரைகள் வைத்துச் சவாரி பழக்குகிறார் என்று தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் கோர்ட் கேன்டீனில் ஜமீலாவிடம் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன். “நானும் வாரேன்ட்டி வசந்தா” என்றாள். வந்து வேடிக்கை பார்க்கட்டுமே என்று கூட்டிப்போனேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அது.

கோபால்ராஜா எங்கள் இருவரையும் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். மாங்காய் மூட்டை நிறுக்கும் எடைமேடையைக் காட்டினார். ஏறினோம். அவள் என்னைவிட நாலு கிலோ கூடுதல். அந்த நாலு கிலோவில் எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்ல! “தப்பா நெனைக்காதீங்கம்மா. ஒங்க ரெண்டு பேரையும் தாங்குறதுக்கு எங்கிட்ட மங்கம்மா ஒருத்திதான் இருக்கா. அவளுக்கும் ஒரு நாளைக்கு ஒரு பெரிய ஆளுதான். ரெண்டாவது ஆள ஏத்த மாட்டேன், நடு முதுகு போயிரும்” என்றார். மங்கம்மா செவலை நிறத்தில் அகன்ற முதுகுள்ள பெண் குதிரை. பயமாக இருக்கிறதா என்று அவர் கேட்டதற்கு ஜமீலா, “இருக்கு ராஜாண்ணே. அதையும் சேத்துத்தான இப்ப நிறுத்தீக?” என்றாள்.

அன்று முதலில் ஏறியவள் நான். எல்லாம் எனக்குத் தெரியும்: இடது காலைச் சேணத்தில் தொங்கும் வளையத்தில் வைக்க வேண்டும், பிடரியைப் பிடிக்க வேண்டும், வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும். தூக்கினேன். கால் பாதியில் நின்றுவிட்டது. சேணத்தின் மேல் மூட்டையாகக் குப்புறக் கிடந்த என்னைக் கோபால்ராஜா தள்ளி உட்காரவைத்தார். நடை தவிர வேறெதற்கும் எனக்குத் தைரியம் வரவில்லை. இருபது வயதில் பறந்தவள் நான். தரை இவ்வளவு தூரத்தில் இருப்பதை அப்போது நான் கவனித்ததே இல்லை. மறுநாள் ஜமீலாவின் முறை. அவள் தண்ணீர்த் தொட்டியின் சுவர் மேல் ஏறி நின்று, “ஏட்டி மங்கம்மா, செத்த நேரம் பொறுத்துக்கோ” என்று கெஞ்சிவிட்டு, கட்டிலில் உட்காருவதுபோல் உட்கார்ந்தாள். அவளுடைய வாப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்தில் குதிரை வண்டி ஓட்டியவர் என்பதும், சேணம் இல்லாத வண்டிக் குதிரையில் ஓடை மணலில் சவாரி செய்தே அவள் வளர்ந்தவள் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். எத்தனை வருடப் பழக்கம்! இதை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை பாருங்கள்.

கோர்ட் இல்லாத நாள் வாரத்துக்கு இரண்டு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிரியாணி என்று சொல்லி அவள் சனிக்கிழமையை எடுத்துக்கொண்டாள். எனக்கு ஞாயிறு. சனிக்கிழமை ஓடிக் களைத்த குதிரை எனக்கு என்று அர்த்தம். அதோடு என் நாட்களில் மங்கம்மா, ஜமீலா வருகிறாளா என்று வாசல் கதவையே பார்த்துக்கொண்டு நடப்பாள். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். “அடுத்த வாரம் பேசுவோம்ட்டி” என்றாள். அடுத்த வாரமும் அதே பதில். எதிர்த்தரப்பு வாய்தா கேட்டால் எழுந்து நின்று சத்தம் போடுகிறவள், என் விஷயத்தில் மட்டும் வாய்தா வாய்தாவாக வாங்கினாள். அவளுக்கு ஒரு சனிக்கிழமையாவது காய்ச்சல் வரக்கூடாதா என்று நான் நினைத்ததுண்டு. வந்ததே இல்லை. மழையிலும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள்.

ஒரு சனிக்கிழமை பொறுக்க மாட்டாமல் நானும் போனேன். வேலிப் பக்கம் ஒரு மாமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தோப்புக்கும் ஓடைக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் பாதை உண்டு. அதில் ஜமீலா மங்கம்மாவை நாலுகால் பாய்ச்சலில் விட்டுக்கொண்டு வந்தாள். துப்பட்டா இடுப்பில், முழங்கால் இறுக்கமாக, அந்த உடம்பு முழுவதும் குதிரையோடு சேர்ந்து ஏறி இறங்கியது. அழகு. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. கோப்பை வாங்கியவள் நான், நடந்துகொண்டிருப்பவளும் நான்! என்னைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, அங்க நின்னுக்கிட்டு என்ன செய்யுத? வா, டீ குடிப்போம்” என்று கத்தினாள். நான் குடிக்கவில்லை.

அடக்கம் நடந்த அன்று அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். “அந்த உடம்ப வச்சுக்கிட்டுக் குதிரைச் சவாரி வேற” என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். “குதிரை மேல இருந்தா விழுந்தா? நாற்காலியில இருந்து போனா. ஒங்க வீட்டுலயும் நாற்காலி இருக்குல்ல?” என்று கேட்டுவிட்டேன். அவளுடைய மகள் நஸ்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெட்கத்தை விட்டு அவளிடம் கேட்டேன், “ஒங்கம்மாவுக்கு எம்மேல எப்பவாவது பொறாம இருந்துச்சாம்மா? நான் கேஸு ஜெயிச்சப்பவோ, வீடு கட்டுனப்பவோ?” அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். “இல்ல ஆன்ட்டி. அம்மாவுக்கு ஒங்கள ரொம்பப் பிடிக்கும்” என்றாள். ஒரு தடவைகூடவா இல்லை? அந்தப் பதில் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை நான் தோப்புக்குப் போனேன். இன்று சனிக்கிழமை என்று கோபால்ராஜா தயங்கினார். “தெரியும்ணே. சேணத்தப் போடுங்க” என்றேன். மணல் பாதைக்குள் திரும்பியதும் மங்கம்மா என்னைக் கேட்கவில்லை. வழக்கமாக அவள் பாய்கிற நாள் அது, பாய்ந்துவிட்டாள். பிடரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிறகு எங்கோ ஓரிடத்தில் முழங்கால்களுக்குப் பழைய நினைவு வந்தது. இடுப்பு தானாக இறங்கி உட்கார்ந்தது. மாமரங்கள் பின்னால் ஓடின. முப்பது வருடத்துக்குப் பிறகு நான் பறந்தேன். விழவில்லை.

இறங்கினேன். “பாத்தீகளாண்ணே?” என்றேன். கோபால்ராஜா குதிரையின் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, “பாத்தேன்ம்மா. நல்லா ஓட்டுனீங்க” என்றார். சேணத்தைக் கழற்றி வைத்துவிட்டு, “அவிய மாதிரி இல்ல. ஆனாலும் நல்லா ஓட்டுனீங்க” என்றார்.

எனக்கு வயிறு குப்பென்று எரிந்தது. அவள் போன புதன்கிழமையிலிருந்து ஒரு சொட்டு வராத அழுகை அப்போதுதான் வந்தது. மங்கம்மாவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, “பாவி, செத்துப்போயும் என்னைத் தோக்கடிச்சுட்டியேட்டி” என்று அழுதேன்.

நண்பர்களே, சனியும் ஞாயிறும் இப்போது எனக்குத்தான். ஜமீலாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்த வயிற்றெரிச்சல். அது இருக்கும்வரை அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பாள். நான் துரத்திக்கொண்டே இருப்பேன்.