வடக்கே வலைக்கூடம் வரை

எங்கள் குப்பத்துக் கடற்கரை என்றால் இப்போது கருங்கல் குவியல்தான். ஞாயிற்றுக்கிழமை யாராவது அதன் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கல்லைக் கேட்டு மனு எழுதியவனே நான்தான் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது.

இங்கே மணல் இருந்தது. நான் பள்ளியில் படித்தபோது அலையில் கால் நனைக்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்து நன்றாக நடக்க வேண்டும், அதுவும் சுடுமணலில். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டையிலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வந்து, கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்டு, இருட்டும் வரை உட்கார்ந்திருப்பார்கள். பட்டணத்தின் தெற்குப் பக்கத்தில் கடற்கரையில் குப்பை சேர்ந்தால் பேப்பரில் படம் வரும். எங்கள் கடற்கரையே காணாமல் போனது, ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரை எங்கள் ஆட்கள் தெண்டி என்பார்கள். வருடத்தில் பாதிக்கு மேல் அதுதான் மணலை அள்ளி வந்து எங்களுக்குப் போடும். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள், மணல் சுவருக்குத் தெற்கேயே தங்கிவிட்டது. அந்தப் பக்கம் கரை அகலமாகிக்கொண்டே போனது, இந்தப் பக்கம் தேய்ந்துகொண்டே வந்தது. இது புரியப் பெரிய படிப்பு வேண்டாம், வலை இழுக்கிறவர் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்.

ஒரு கார்த்திகைப் புயலில் கடல் ஏறி வந்து முன்வரிசை வீடுகளை வாரிக்கொண்டு போனது. மறுநாள் சாலை மறியல் செய்தோம். லாரிகள் வரிசையாக நின்ற பிறகுதான் அதிகாரிகள் ஓடி வந்தார்கள், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதுகிறவன். குப்பத்தில் மனு என்றாலே என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"நம்ம குப்பத்துக்கு கல்லு போடணும்னு எய்து நைனா," என்றார் பஞ்சாயத்துத் தலைவர். "தெக்க அம்மன் கோயில்லேர்ந்து வடக்க வலைக்கூடம் வரிக்கும்."

வலை பின்னும் அந்தக் கூடத்தோடு எங்கள் எல்லை முடிகிறது. அதற்கு அந்தப் பக்கம் அடுத்த குப்பம். என் அக்காவைக் கட்டிக் கொடுத்தது அங்கேதான். கடலைப் பார்த்த இரண்டு அறை வீடு. வாசல் மணலில் கருவாடு காயப்போட்டு விற்றுத்தான் அவள் பிழைப்பு ஓடியது.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு குப்பத்துப் பஞ்சாயத்து இன்னொரு குப்பத்துக் கரையைப் பற்றி வாய் திறக்காது. எத்தனையோ வெட்டுக்குத்துக்குப் பிறகு வந்த ஒழுங்கு அது. நானும் அதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன்.

அளக்க வந்த பொறியாளர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "கல்லு முடியற இடத்துக்கு வடக்கால அரிப்பு ஜாஸ்தியாகும். அதைப் பத்தி எதாச்சும் எழுதணுமா?"

தலைவர் யோசிக்கவே இல்லை. "அது நம்ம எல்ல இல்ல சார். அவுங்க கரைய பத்தி நாம பேசக் கூடாது."

'ஆட்சேபணை இல்லை' என்று குறித்துக்கொண்டு அந்த ஆள் ஜீப்பில் ஏறினார். தெரிந்தே கேட்டார். எங்கள் மரியாதையைத் தன் கோப்புக்குத் தோதாக்கிக்கொண்டார். அவரை எப்படித் திட்டினாலும் எனக்கு ஆறாது. ஆனால் நானும் பக்கத்தில்தான் நின்றேன். கல் முடியும் இடத்தில் தண்ணீர் திரும்பிக் குடையும் என்று எனக்கும் தெரியும். ஊர்ப் பெரியவர்கள் நடுவில் எப்படிப் பேசுவது என்று பேனாவை மூடிக்கொண்டேன்.

கல் வந்தது. எங்கள் வீடுகள் தப்பின. கல்லில் மோதித் திரும்பிய அலை மிச்சமிருந்த மணலையும் இழுத்துக்கொண்டது. படகை ஏற்ற இடமில்லாமல் எங்கள் ஆட்கள் காசிமேட்டில் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள்.

அடுத்த புயல் அக்கா வீட்டுக்கு வந்தது. விடிந்ததும் ஓடினேன். அடுப்படிச் சுவர் மட்டும் நின்றது. முழங்கால் தண்ணீரில் பாத்திரம் தேடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடா, உங்க கல்லு பத்திரமா கீதா?"

நானும் இறங்கிப் பாத்திரம் தேடினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். மொட்டை மாடியில் கருவாடு காயப்போடுகிறாள். நாற்றம் என்று பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள்.

போன வாரம் அவள் குப்பத்து ஆட்கள் நான்கு பேர் என்னைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கும் கல் வேண்டுமாம். தெற்கே வலைக்கூடத்திலிருந்து வடக்கே மாதா கோயில் வரை. எனக்கு வந்த கோபத்தில் பேனாவைத் தூக்கிப் போட்டேன். தெற்கே தேங்கிய மணலை எடுத்து வந்து கொட்டச் சொல்லிக் கேட்போம், எண்ணூர் முகத்துவாரம் வரை எல்லாக் குப்பத்துக்கும் சேர்த்துக் கேட்போம் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவுங்க கரைய பத்தி நாம எப்டி பேசறது?" என்றார் ஒருவர். நிஜமான மரியாதையோடுதான் கேட்டார்.

அக்கா அடுக்களையிலிருந்து வந்தாள். கீழே கிடந்த பேனாவை எடுத்து என் கையில் திணித்தாள்.

"வலைக்கூடம் வரிக்கும்னு எய்தும்போது உன் கை நடுங்கல இல்ல? மாதா கோயில் வரிக்கும்னு எய்து. அதுக்கு அந்தாண்டதான் உனக்கு அக்கா யாரும் இல்லியே."

நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முகத்துவாரம் வரை மணல் கொட்ட வேண்டும் என்றுதான் எழுதினேன், ஒவ்வொரு குப்பத்தின் பெயரையும் போட்டு. படித்துக் காட்டியதும் பஞ்சாயத்தில் கேட்டுவிட்டு வருகிறோம் என்று எழுந்து போனார்கள். முதல் கையெழுத்தை அக்கா போட்டாள், அதன் கீழே நான் போட்டேன். மூன்றாவது கையெழுத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை.