மருந்து குடித்தபின் ஒரு வார்த்தை

என் மச்சான் வசந்தன் செங் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர். அளந்து பேசுவார் என்று சொன்னால் அது அவரைப் புகழ்வதாகிவிடும். வீட்டில் அவர் பேசுவதே இல்லை.

ஒரு காலத்தில் அப்படியில்லை. ஹெராயின் எடுத்த நாட்களில் வாய் ஓயாது. லோரி டயர் வெடித்தது, சம்பளம் வரவில்லை, கூட்டாளிக்கு ஆபரேஷன் என்று தினம் ஒரு கதை. என் அக்கா ஜெயமணியின் தாலிக்கொடியும் அப்படி ஒரு கதையில்தான் போயிற்று. பிறகு அலோர் காஜா அரசு கிளினிக்கில், ஹெராயினை விடுவதற்குத் தினமும் குடிக்கக் கொடுக்கிற மெத்தடோன் மருந்துக்குச் சேர்ந்தார். ஹெராயினை விட்டார், கூடவே அக்காவிடம் பேசுவதையும் விட்டார். எதைச் சொன்னாலும் பொய் என்று நினைப்பாளோ என்று கூச்சம். அவள் அப்படித்தான் நினைத்தாள்.

கிளினிக்கில் அந்த மௌனம் செல்லாது. மருந்தை வாயிலேயே அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்கிறவர்கள் உண்டாம். அதனால் குடித்தவுடன் தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டி, ஏதாவது பேசியாக வேண்டும். மச்சானின் மோட்டார் சைக்கிள் பழுதான ஒரு காலை நான்தான் கூட்டிப்போனேன். மருந்து கொடுக்கிற அமானி, "பேசுங்க அங்கிள்" என்றாள்.

"நேத்து வூட்ல ரசம் நல்லா இருந்துச்சு" என்றார் மச்சான்.

நான் சும்மா இருப்பேனா? அக்காவிடம் வத்தி வைத்துவிட்டேன். அவளுக்கு வந்ததே கோபம். "ரசம் வச்சது நானு. நல்லாருக்குன்னு கேக்கிறது அந்தப் பொண்ணா?" அந்த வாரம் முழுக்க வீட்டில் ரசம் இல்லை. மச்சான் கிளினிக்கில் வேறு எதைச் சொல்லிச் சமாளித்தாரோ.

மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, போன மாதம் நிறுத்தினார்கள். மருந்தில்லாத முதல் காலை, மறுபடி பழைய வழிக்குப் போய்விடுவாரோ என்று அக்காவுக்கு நடுக்கம். என்னைக் காவலுக்கு வரச் சொன்னாள். போனேன், எனக்கும் பயம்தான்.

அக்கா காப்பி கொடுத்தாள். மச்சான் ஒரே மடக்கில் குடித்தார். பக்கத்திலிருந்த தண்ணீரையும் குடித்தார். பழக்கதோஷம், வாயை ஆவென்று திறந்து அவளிடம் காட்டினார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பயமா இருக்கு ஜெயா" என்றார்.

அக்கா கோப்பையை வாங்கி வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவர் சொன்னதை அவள் நம்பி எத்தனை வருஷமாயிற்று.

"இன்னும் கொஞ்சம் பேசுங்க லா" என்றாள்.