வெள்ளைச் சேட்டில் குங்குமம்

என் கணவர் எனக்காக வாய் திறந்த மனிதர் இல்லை. கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவார். அப்படிப்பட்டவர், சண்டை முடிந்து நாங்கள் ஊரில் மீள்குடியேறி வந்த வருடம், வேறொரு பெண் "ஆ காட்டுங்கோ" என்றதும் காக்கைக் குஞ்சு மாதிரி வாயைப் பிளந்ததை என் கண்ணால் பார்த்தேன். நாக்கைத் தூக்கச் சொன்னாள். தூக்கினார். "கெட்டிக்காரன்" என்றாள். நரை விழுந்த மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவள் கிளினிக்கில் மருந்துக் குளிசை கொடுக்கும் தாதி, மிஸி. முகாமில் இருந்தபோதே இவருக்கு இருமல் தொடங்கிவிட்டது. ஊருக்கு வந்து தகரக் கொட்டில் போட்டு, ஒரு சம்மாட்டியின் படகில் மீன்பிடிக்கப் போகத் தொடங்கிய பிறகு இருமலோடு இரத்தமும் வந்தது. சளியைச் சோதித்துவிட்டுக் கசம், காசநோய் என்றார்கள். குளிசையை வீட்டுக்குத் தர மாட்டார்களாம். தினமும் காலையில் போய் மிஸியின் கண்முன்னால் விழுங்க வேண்டும். நடுவில் விட்டால் நோய் முற்றிவிடும், பிறகு இந்த மருந்துக்கெல்லாம் அடங்காது, ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டொக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இடம்பெயர்ந்து ஓடிய ஓட்டத்தில் எத்தனையோ பேரைப் பறிகொடுத்துவிட்டு நான் கரை சேர்த்துக்கொண்டு வந்த மனிதர் இவர். இருமலுக்குக் கொடுக்கவா கொண்டு வந்தேன்?

ஆகவே போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் போகிற விதம் பிடிக்கவில்லை. கடலுக்குப் போகிறவர் சவரம் செய்ய ஆரம்பித்தார். ஞாயிறு பூசைக்குப் போடவென்று நான் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேட்டு கிளினிக் சேட்டாகிவிட்டது. வாங்கில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், கந்தலோடு போகலாமா என்று கேட்டார். எனக்கு முன்னால் இத்தனை வருடம் கந்தலோடு திரிந்தவர்தான் கேட்டார். போதாக்குறைக்கு, படகில் பங்காகக் கிடைத்த மீனில் நல்ல விளைமீனாகப் பார்த்துப் பனையோலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். எங்கள் சட்டிக்கு வந்தது சூடையும் காரலும்.

ஒரு நாள் கிணற்றடியில் அந்தச் சேட்டைத் தோய்க்கும்போது கழுத்துப் பட்டியில் செம்மஞ்சளாக ஒரு கறை. சவுக்காரம் போட்டுக் கசக்கினேன். லேசில் போகவில்லை. மிஸி நானாட்டான் பக்கத்து வயற்காரக் குடும்பம், சைவப் பெண். நெற்றியிலும் வகிட்டிலும் குங்குமம் அப்பியிருப்பாள். கிறிஸ்தவர்களான எங்கள் வேதக்காரக் கரையில் குங்குமம் வைக்கிற வீடு ஒன்றுகூடக் கிடையாது. இதற்கு மேல் எனக்கு என்ன விளக்கம் வேண்டும்? தண்ணீர் சொட்டச் சொட்டச் சேட்டைத் தூக்கிக்கொண்டு நேரே கிளினிக்குக்கு நடந்தேன்.

வாங்கில் இருந்தவர்கள் லேஞ்சியால் வாயைப் பொத்தியபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சேட்டின் கழுத்தை மிஸியின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தேன்.

"இது ஆரின்ர குங்குமம்?"

அவள் கறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் குளிசை போட்டால் மூத்திரம் சிவப்பாகப் போகுமாம், வேர்வையிலும் அந்த நிறம் வருமாம். முதல் நாளே அவருக்குச் சொல்லி, வீட்டில் சொல்லுங்கோ, பயந்துபோவார்கள் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். மனைவியிடம் மூத்திரக் கதை பேச இவருக்கு வெட்கம். சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பது இவருக்காகவே உண்டான பழமொழி.

"இந்தக் கறையை வெறுக்காதேங்கோ அக்கா" என்றாள் மிஸி. "இது இருக்குமட்டும் அண்ணை குளிசை போடுறார் எண்டு அர்த்தம்."

வாங்கு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. குங்குமம் இல்லை என்றாகிவிட்டது, சரி. வாயைத் திறந்தது உண்மைதானே? விளைமீன் போனது உண்மைதானே?

பிறகு மீன்பாடு நன்றாக விழும் காலம் வந்தது. இவருக்கு இருமல் நின்று, கன்னத்தில் சதையும் பிடித்துவிட்டது. விடியமுன் கடலுக்குப் போய், கரைக்கு வந்ததும் கிளினிக்குக்குப் போய்த்தான் வருகிறேன் என்றார். நம்பினேன். ஒரு காலை அவருடைய பெனியனைப் பிழிந்து உதறினால், வெள்ளை. புதுசுபோல் வெள்ளை. தலையணை உறையைப் பார்த்தேன். அதுவும் வெள்ளை. கிணற்றடியில் அப்படியே நின்றுவிட்டேன். அவ்வளவு நாளும் தேய்த்துத் தேய்த்துப் போக்கப் பார்த்த கறையை, மாதாவே, ஒரு சொட்டாவது காட்டு என்று தேடினேன்.

கரைக்கு ஓடினேன். சம்மாட்டியும் ஆட்களும் வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இவர் நடுவில் நின்று பகிடி விட்டுக்கொண்டிருந்தார். பெனியனை அவர் மேல் எறிந்தேன்.

"அவவிட்டப் போங்கோ. இப்பவே அவவிட்டப் போங்கோ."

வேறொருத்தியிடம் போகச் சொல்லிக் கட்டிய மனைவியே கத்துவதை அந்தக் கரை அன்றைக்குத்தான் கேட்டிருக்கும். வலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. என் முகத்தில் என்ன கண்டாரோ, மீன் செதிலோடு அப்படியே நடந்தார். நான் பெனியனைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அங்கே போனால் இன்னொரு பொய் வெளிச்சத்துக்கு வந்தது. தென்கரையில் மீன்வாடி போட்டுத் தங்கியிருக்கிறோம், அங்குள்ள ஆஸ்பத்திரியில் குளிசை போடுகிறேன் என்று மிஸிக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டு பெண்களுக்கு இரண்டு பொய். மிஸி ஏசவில்லை. டொக்டரைக் கூப்பிட்டாள். அவர் பார்த்து, நல்ல வேளை, நாள் அதிகம் போகவில்லை என்றார். மிஸி குளிசையை எடுத்து வைத்தாள்.

"ஆ காட்டுங்கோ."

காட்டினார். பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்போதும் எரிந்தது. தொண்டையில் குளிசை இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவரை வெளியே அனுப்பிவிட்டு மிஸி என்னை நிறுத்தினாள். என் கையில் அந்தப் பெனியன் இன்னும் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கு உங்களில பொறாமை அக்கா. என்ர மனுசன் கடைசிச் சண்டையில காணாமப் போனவர். எங்க இருக்கிறார் எண்டு ஆராவது சொன்னா, நானும் இப்பிடித்தான் கத்திக் கூட்டிக்கொண்டு வருவன்."

நெற்றிக் குங்குமம் வேர்வையில் கொஞ்சம் கரைந்திருந்தது. அதைத் துடைக்காமல் அடுத்தவரைக் கூப்பிட்டாள். 

மறுநாள் விளைமீனை நானே தெரிந்தெடுத்து, நானே ஓலையில் சுற்றிக் கொடுத்துவிட்டேன். இவர் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சேட்டையும் போட்டுக்கொண்டுதான் போனார். பார்க்க எரிச்சலாகத்தான் இருந்தது. இரண்டொரு நாள் கழித்துச் சேட்டைத் தோய்க்க எடுத்தபோது கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு வந்திருந்தது. சவுக்காரம் போடாமல் அலசிக் காயப் போட்டேன்.