அம்மனுக்கு மூன்று அடி இரும்பு

பண்டாரவளை இரும்புக்கடைகளுக்குத் தெரிந்த நீளம் ஒன்றுதான். இருபது அடி. எனக்கு வேண்டியிருந்தது மூன்று அடி எல் இரும்பு, எட்டு அடி சதுரக் குழாய், சக்கரம் கோக்க ஒரு முழம் உருட்டுக் கம்பி. இதைச் சொன்னதும், புடவைக்கடைக்குப் போய் முந்தானை மட்டும் கேட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

“முழுசா எடுங்க மாஸ்டர். வெட்டிட்டா மிச்சத்த நான் யாருக்கு விக்கிறது?” என்றார் மூன்றாவது கடைக்காரர்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இருபதில் மூன்று போனால் பதினேழு என்பது எனக்கும் தெரியும். அந்தப் பதினேழு அடியைப் பூனாகலை பஸ்ஸில் எப்படி ஏற்றுவது என்பதுதான் தெரியவில்லை.

இரும்பு என் மனைவிக்கு ஒரு வண்டி செய்வதற்காக. ஏழு மாதத்துக்கு முன் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலுள்ள போஞ்சிக்காய்ப் பாத்தியில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கால் மடங்கவில்லை. பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஒழுங்காக வந்து பயிற்சி எடுத்தால் மடங்கும், இல்லாவிட்டால் இப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் பாதையில் ஓட்டோ வராது, வண்டியின் அடி கல்லில் தட்டும். என் மோட்டார் சைக்கிள் ஏறும், ஆனால் நீட்டிய காலோடு அதன் பின்னால் உட்கார முடியாது. முதல் தடவை நாற்காலியில் கம்பு கட்டி நாலு பேர் தூக்கிப் போனார்கள். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, “யாரு போயிட்டா?” என்று கேட்டார்.

“இனிமே நாலு பேரு என்னத் தூக்குறப்ப நான் கண்ணத் தொறந்து வச்சிருக்க மாட்டேன்,” என்று அன்றே சொல்லிவிட்டாள் மனைவி. அதன்பிறகு இரண்டு கிளினிக் தவறிப்போயின. மூன்றாவதற்கு ஒரு மாதம் இருந்தது.

மோட்டார் சைக்கிளுக்கு இடப்பக்கம் ஒரு தொட்டி, அதற்கு ஒரு சக்கரம், முன்னால் கால் நீட்ட மூன்று அடி. யூடியூபில் ஒருவர் இதைப் பதினோரு நிமிடத்தில் செய்து முடித்தார். அவர் ஊரில் இரும்பை வெட்டித் தருவார்களாக இருக்கும்.

ஹல்துமுல்லையில் பழைய இரும்புக்கடை ஒன்றுக்குப் போனேன். விலைவாசி ஏறியதிலிருந்து பழைய இரும்புக்கும் திமிர் வந்துவிட்டது. கடைக்காரர் துருப்பிடித்த ஒரு துண்டைக் காட்டி, இது வெள்ளைக்கார துரை பங்களா கேட்டில் இருந்தது என்றார். அழுத்திப் பார்த்தேன். துரையின் கேட் என் விரலோடு கழன்று வந்தது.

லயத்திலேயே கேட்டுப் பார்த்தேன். இரும்பு இல்லாத வீடே இல்லை. சும்மா கிடக்கிற இரும்புதான் இல்லை. பக்கத்து வீட்டுக் காம்பராக்காரரின் பாத்தியில் அருமையான எல் இரும்பு ஒன்று தக்காளிச் செடிக்கு ஊன்றப்பட்டிருந்தது.

“தாராளமா எடுத்துக்கங்க மாஸ்டர். தக்காளிய நீங்க புடிச்சிட்டு நிக்கிறதா இருந்தா,” என்றார்.

கடைசியாகப் பதுளையில் ஒரு கடை. முதலாளியின் நெற்றியில் பளிச்சென்று மூன்று பட்டை விபூதி. அவரும் இருபது அடி என்றுதான் ஆரம்பித்தார். என் வாய் முந்திக்கொண்டது.

“கோயில் வேலைங்க. அம்மனுக்குச் சின்னதா ஒரு வண்டி.”

வேலையாளைக்கூடக் கூப்பிடாமல் அவரே எழுந்து ரம்பத்தை எடுத்தார். எல் இரும்பையும் குழாயையும் கோணல் இல்லாத துண்டாகப் பார்த்துப் பார்த்து வெட்டினார். “அம்மனுக்கு முன்னால இவ்வளவு நீளம் எதுக்கு?” என்று கேட்டார். “வெளக்கு வைக்கங்க,” என்றேன். சாமி காரியத்துக்குக் காசு வேண்டாம், பிரசாதம் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். பொய் சொன்ன பிள்ளைகளை இருபது வருடமாக வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்தவன் நான்.

ஒரு பொய் பலித்துவிட்டால் மனிதனுக்கு நிறுத்தத் தெரியாது. உருட்டுக் கம்பிக்கு அதே பொய்யோடு எங்கள் தோட்டத் தொழிற்சாலைக்குப் போனேன். ஸ்டோரைப் பார்க்கிற கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், சட்டம் பேசுகிறவர். ஆனால், “கோயிலுக்கெண்டா ஏன் யோசிக்கிறியள்? கொண்டு போங்கோ,” என்று கழித்துப் போட்ட தண்டு ஒன்றை அவரே துடைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. “அம்மன் பேரச் சொல்லி வாங்குனத அம்மன் வந்து கேட்டா என்ன செய்வீங்க?” என்றாள்.

“அம்மன் எங்க வந்து கேக்கப் போறா?” என்றேன்.

நான்கே நாளில் கேட்டாள். கிளாக்கர் சொல்லிக் கேள்விப்பட்டு, கோயில் தலைவர் மஞ்சள் குங்குமத்தோடு வாசலில் வந்து நின்றார். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். நான் தொட்டிக்கு வெல்டிங் போட்டுக்கொண்டிருந்தேன்.

“நம்ம தேரு சக்கரம் போன வருசமே ஒடஞ்சிருச்சு. என்ன செய்யிறதுன்னு முழிச்சிட்டு இருந்தோம். சொல்லாம கொள்ளாம செய்றீங்களே மாஸ்டர்!” தலைவர் குங்குமத் தட்டை நீட்டினார். “திருவிழா முடிஞ்சதும் வண்டிய கோயில்லயே வச்சிருவோம். சாமி உக்காந்த எடத்துல மனுசரு உக்காரக் கூடாது பாருங்க.”

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. கிளினிக் அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அத்தனை முகங்களைப் பார்த்ததும் குங்குமத்தை வாங்கிப் பூசிக்கொண்டேன். உள்ளே அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னோடு பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. அவள் கால் என் வாயால் போகிறதே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை வெள்ளோட்டம். அம்மன் சிலையின் எடைக்கு ஒரு கல்லைத் தொட்டியில் வைத்து ஓட்டினேன். தண்ணீர் பிடிக்கும் பைப்படி வளைவில் இடப்பக்கம் திரும்பியதும் தொட்டியின் சக்கரம் தரையை விட்டு எழும்பி, கல் உருண்டு தேயிலைக்குள் போய் விழுந்தது. தொட்டியில் பாரம் போதாவிட்டால் இப்படித்தான் ஆகும். யூடியூப்காரர் இதைப் பத்தாவது நிமிடத்தில் சொல்லியிருக்கிறார், நான் ஒன்பதாவதில் நிறுத்தியிருந்தேன்.

“மண் மூட்ட ஒண்ணு வைப்போம்,” என்றேன், வண்டியை வீட்டு வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து.

“அம்மன் பக்கத்துல மண் மூட்டையா?” தலைவர் காதைப் பொத்திக்கொண்டார்.

“நான் அம்மனப் புடிச்சிட்டு உக்காந்துக்கிறேன்.” வாசலில் ஊன்றுகோலோடு என் மனைவி நின்றாள். “நாலு நாளா வெரதந்தான் இருக்கேன்.”

என் மேலிருந்த கோபத்தில்தான் சாப்பிடாமல் இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அதுவும் உண்மைதான் என்று பிறகு சொன்னாள். உட்காருவது வேறு, தாங்குவது வேறு என்று தலைவரே ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மடியில் அம்மனோடு, மூன்று அடி இரும்பின் மேல் காலை நீட்டி உட்கார்ந்தாள். தப்பு மேளம் முழங்க, முதல் கியரிலேயே ஏறினேன். சக்கரம் எழும்பவில்லை. அன்றைக்கு “யாரு போயிட்டா?” என்று கேட்ட அதே அம்மா கற்பூரம் கொளுத்தி விழுந்து கும்பிட்டார். மெயின் ரோட்டைப் பார்த்ததும் என் மனைவியின் கண் கலங்கியது. கற்பூரப் புகை என்றாள்.

ஊர்வலம் திரும்பியது. பூசாரி அம்மனை எடுத்து உள்ளே கொண்டுபோனார். “எறங்குங்கம்மா, வண்டிய உள்ள தள்ளணும்,” என்றார் தலைவர்.

“அம்மன் எறங்கிட்டா. நான் எறங்கணும்னா நாலு பேரு தூக்கணும். அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்,” என்றாள். “செவ்வாக்கெழம கிளினிக்கு இருக்கு. போயிட்டு வந்து எறங்குறேன்.”

தப்படித்தவர்கள் கை நின்றது. தலைவர் என்னைப் பார்த்தார். இதற்கு மேல் ஒளிய இடமில்லை. “இரும்பு வாங்குனது இவளுக்குத்தாங்க. அம்மன் பேரச் சொன்னது என் தப்பு,” என்றேன்.

தலைவர் அவளுடைய நீட்டிய காலைப் பார்த்தார். திரும்பி கர்ப்பக்கிரகத்தைப் பார்த்தார். அங்கிருந்து ஆட்சேபணை எதுவும் வரவில்லை.

“வருசத்துல ஒரு நாளைக்கு வண்டி அம்மனுக்கு வருமில்ல?” என்று கேட்டார்.

“வரும்,” என்றாள் அவள், தன் சொத்தை இரவல் கொடுக்கிறவள்போல. வீட்டு வாசலுக்கு வந்ததும் ஊன்றுகோலைப் பிடித்துத் தானாகவே இறங்கினாள்.

செவ்வாய்க்கிழமை மெயின் ரோடு வரை வண்டியில் போய், அங்கிருந்து பஸ்ஸில் பதுளைக்குப் போனோம். டாக்டர் திட்டினார். திட்டிக்கொண்டே காலைப் பிடித்து மடக்கினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கொஞ்சம் மடங்கியது. வெளியே வந்ததும் நேரே இரும்புக்கடைக்குப் போகவேண்டும் என்றாள். பையில் விபூதி குங்குமமும் ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்து வந்திருந்தாள். எனக்குப் போகவே மனமில்லை.

முதலாளி பிரசாதத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அம்மனுக்கு வண்டி சரியா அமைஞ்சதா?” என்று என்னைக் கேட்டார்.

“நல்லா இருக்குங்க,” என்றாள் என் மனைவி. “கால நல்லா நீட்டி உக்கார முடியுது.”

அவர் ஊன்றுகோலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.