இலை சுருளும் முன்பே

முகத்தில் எதுவும் தெரியாதபோதே நோயைச் சொல்வது எங்கள் தொழில். சோசியரும் அதைத்தான் செய்கிறார், ஆனால் அவரை யாரும் நிரூபிக்கச் சொல்வதில்லை. ராஜபாளையத்தில் ஒரு சிறு ஆய்வகத்தில், மிளகாய் நாற்றில் இலைச்சுருட்டை வைரஸை முன்கூட்டியே காட்டும் சோதனைப் பட்டை தயாரிக்கிறோம். நல்லது செய்து வசவு வாங்கியவர்கள் மேலே படிக்கலாம்.

கத்தரிக்கோல்

ஜீன் எடிட்டிங்கில் வெட்டுவதற்குப் பயன்படும் புரதத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். வைரஸின் மரபணுவில் நாம் சொன்ன வரியைக் கண்டால் அதை வெட்டும். வெட்டிய ஆத்திரத்தில் நாங்கள் பக்கத்தில் போட்டு வைத்த இழைகளையும் அறுக்கும். அவை அறுந்தால் பட்டையில் கோடு விழும். நாற்றை யாரும் திருத்துவதில்லை. இலை ஓரத்தைக் கிள்ளுவதோடு சரி.

இதை வன்னியம்பட்டி சேவியர் அண்ணனுக்குப் பொறுமையாக விளக்கினேன். போன பட்டத்தில் அவருடைய மிளகாய்த் தோட்டம் முழுக்கச் சுருண்டுவிட்டது. இந்த முறையும் போனால் விவசாயத்தையே விட்டுவிடுவதாக இருந்தார். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரி சார், ஜீனை மாத்துனா காரம் குறைஞ்சிருமா?"

தண்ணீருக்கும் நோய்

அவருடைய நாற்றுகளைச் சோதித்த அன்று, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த வெறும் தண்ணீரிலும் கோடு விழுந்தது. விசாரித்தால், எங்கள் ஆய்வக இயக்குநர், வந்திருந்த விருந்தினர்களுக்குக் காட்டுவதற்காக, வைரஸ் துணுக்குகளைப் பெருக்கி வைத்திருந்த குழாயை மாதிரி எடுக்கும் அறையிலேயே திறந்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும், அறையே கெட்டுவிடும். மேசை, கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் ப்ளீச்சிங் கரைசலில் கழுவினோம். கூட வேலை பார்க்கும் நூர்ஜகான் கையுறையை உரித்தபடி சொன்னாள்: "டைரக்டர் சாரைத்தான் சார் இன்னும் கழுவல."

பச்சை இலை

மறுபடி சோதித்தோம். தண்ணீர் சுத்தம், சேவியர் அண்ணனின் நாற்றுத் தட்டுகளில் இரண்டில் கோடு. எரித்துவிடுங்கள், மிச்சத்தை நோயைப் பரப்பும் வெள்ளை ஈ நுழையாத வலைக்குள் வையுங்கள் என்றேன். அவர் ஒரு தட்டைத் தூக்கி என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இதுக்கா சீக்கு? உங்களை விட நல்லாருக்கே சார்."

அவர் மனைவி ஜெயராணி தட்டைப் பிடுங்கிக்கொண்டார். "போன தடவையும் நல்லாருக்குன்னுதான் நட்டிய. தள்ளுங்க, நான் எரிக்கேன்."

காய்ப்பு

காய் பறிக்கும் சமயத்தில் போயிருந்தேன். சுற்றியுள்ள தோட்டங்களில் செடிகள் சுருண்டு குறுகி நின்றன. அவருடைய தோட்டத்தில் ஓரத்தில் ஒன்றிரண்டு தவிர எல்லாம் காய்த்துத் தொங்கின. எனக்குச் சேவியர் அண்ணன் இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"பாத்தியளா சார், இந்த வருசம் சீக்கே வரல. அன்னைக்கு ஜெயராணிதான் வீணா ரெண்டு தட்டை எரிச்சுப்புட்டா."

வராமல் போன நோய்க்கும் கோடு போடும் பட்டை ஒன்றைக் கண்டுபிடிக்கும்வரை, இந்தத் தொழிலில் இளநீரோடு திருப்தி அடைய வேண்டியதுதான்.