தூஜாவின் சுவர்ப்பக்கம்

பயப்படுவதில் என்னை மிஞ்ச எங்கள் குவார்ட்டர்ஸில் ஆள் கிடையாது. கேஸ் சிலிண்டர் வெடித்துவிடும், வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் லாரி மோதிவிடும், பின்பக்கப் பாறை இடுக்கிலிருந்து பாம்பு வந்துவிடும் என்று ஏதாவது ஒன்றை நினைத்துப் பயந்துகொண்டே இருப்பேன். அவர் சிரிப்பார். "ஏளா, நீ பயப்படுத பயத்துக்கு இந்நேரம் நாம மூணு பேரும் செத்துப் போயிருக்கணும்" என்பார். அவருக்கென்ன, காலையில் சைரன் ஊதினால் ஃபாக்டரிக்குள் போய்விடுவார். வீட்டில் உட்கார்ந்து பயப்பட ஒரு ஆள் வேண்டாமா?

இந்தத் தெலுங்கு ஊரில், காஞ்சன்பாக்கில், எங்களுக்குக் கிடைத்தது கீழ்த்தள வீடு. வாசலுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே இரண்டு கட்டில் போடும் அளவுக்கு மண். திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் கனகாம்பரம் போட்டேன், வெயிலில் கருகிவிட்டது. அப்புறம்தான் நர்சரியில் அந்தத் தூஜாச் செடியைப் பார்த்தேன். மயில்தோகை மாதிரி விரிந்த இலை என்பதால் இந்த ஊரில் மோர்பங்கி என்பார்கள். இது அதிலேயே குட்டை ரகம். இடுப்புயரத்துக்கு மேல் அவசரப்பட்டு வளராது, இலை உதிர்ந்து மொட்டையாக நிற்காது. நுனியெல்லாம் மஞ்சள் தங்கம், உள்ளே போகப்போகப் பச்சை. விசிறிகளை நிமிர்த்தி அடுக்கியதுபோல் இருக்கும்.

செல்லம் அதிகம் கேட்காத செடிதான். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது, காலை வெயில் வேண்டும், அவ்வளவுதான். நிழலில் வைத்தால் தங்கம் போய் வெறும் பச்சையாகிவிடும். முதல் டிசம்பரில் அது செம்புநிறமாக மாறியதும் செத்தே போய்விட்டது என்று நான் ஒரு பாட்டம் அழுதேன். பிப்ரவரியில் மறுபடி மஞ்சள் துளிர்த்தது. குளிருக்கு அப்படித்தான் ஆகுமாம். வெட்டும்போது மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பச்சை இருக்கும் இடம்வரை வெட்டினால் தழையும், அதைத் தாண்டிக் கட்டையில் கைவைத்தால் அந்த இடம் அப்படியே நின்றுவிடும். அதனால் காலனிப் பிள்ளைகள் கேட் வழியாகக் கைவிட்டுப் பறித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது வித்யா இலை. புத்தகத்துக்குள் வைத்தால் படிப்பு ஏறுமாம். "பக்கத்தைப் புரட்டினாத்தான்டா ஏறும்" என்று விரட்டுவேன்.

என் மகள் அப்போது இன்டர் முதல் வருடம், நம்மூர்க் கணக்கில் பதினொன்றாம் வகுப்பு. அது படிப்புப் பைத்தியம் பிடித்த காலம். யாரைப் பார்த்தாலும் ஹைடெக் சிட்டியில் வேலை, அமீர்பேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ், அங்கிருந்து அமெரிக்கா என்றுதான் பேச்சு. எதிர்வீட்டுப் பையனுக்கு நல்ல கல்லூரியில் சீட் கிடைத்தபோது காலனி முழுக்க லட்டு வந்தது. நாங்களும் அவளைப் பெயர்பெற்ற ஒரு கோச்சிங் காலேஜில் சேர்த்தோம். காலை ஆறரைக்குப் போனால் இரவு எட்டுக்கு வருவாள். ஞாயிறும் கிடையாது. அன்றைக்குத்தான் வாரப் பரீட்சை. அதில் வாங்கும் மார்க்கை வைத்து மேல் செக்ஷன், கீழ் செக்ஷன் என்று பிள்ளைகளை மாற்றி மாற்றி உட்காரவைப்பார்கள். கீழ் செக்ஷனுக்குப் போன பிள்ளையோடு மேல் செக்ஷன் பிள்ளைகள் பேசுவதுகூட இல்லை என்று ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டில் இருந்த தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

தசரா லீவு முடிந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவளுக்கு வயிற்றுவலி. பரீட்சை முடிந்து வந்ததும் வாந்தி எடுப்பாள், முகம் வெளுத்துக் கிடப்பாள். திங்கட்கிழமை சரியாகிவிடும். டிஸ்பென்சரியில் அசிடிட்டிக்கு மாத்திரை கொடுத்தார்கள். டென்ஷன்தான், போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. பக்கத்து பிளாக்கில் ஒரு அம்மாவுக்கு இப்படி வயிற்றுவலி என்று ஆரம்பித்துத்தான் வேறு என்னவோ ஆகிவிட்டது. என் பெண்ணுக்கும் பெரிதாக ஏதோ இருக்கிறது, யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று அடித்துக்கொண்டேன். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் பெண் அவள். "ஏம் லேது மம்மி" என்பாள். ஒன்றுமில்லையாம்.

மார்ச் மாதம், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, தூஜாவைச் சுற்றிக் குப்பை கூட்டும்போது சுவர்ப்பக்கம் எட்டிப் பார்த்தேன். திக்கென்றது. முன்னால் தங்கமாக நிற்கும் செடி பின்னால் தலையளவுக்குக் குழிந்து வெறும் குச்சியாக இருந்தது. வெயில் ஏறினால் இதற்குச் செம்பேன் பூச்சி வரும் என்று நர்சரியில் சொல்லியிருந்தார்கள். வெள்ளைக் காகிதத்தைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டிப் பார்த்தேன். தூசியில் இரண்டு மூன்று சிவப்புப் புள்ளிகள் நகர்ந்த மாதிரி இருந்தது. போதாதா எனக்கு? சாயங்காலம் அவரை நச்சரித்து மருந்து வாங்கிவரச் சொன்னேன். அவர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு செடி சொட்டச் சொட்ட அடித்தார். மகள் வந்தபோது வாடை அடங்கிவிட்டது. அவள் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தோடு அறைக்குள் போய்விட்டாள். செடிக்கு மருந்தடித்ததை அவளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் விடிந்ததும் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். அவள் யூனிஃபார்மோடு தூஜாவுக்கும் சுவருக்கும் நடுவே குத்தவைத்திருந்தாள். பேனாவோ எதுவோ விழுந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் கை அந்தக் குழிக்குள் போனது. ஒரு கொத்தைப் பறித்தாள், கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டு மென்றாள்.

"ஏட்டி! துப்பு! துப்புட்டி!"

நான் போட்ட சத்தத்தில் அரண்டு போய் அவள் விழுங்கிவிட்டாள்.

ஓடினேன். அவள் வாய்க்குள் விரலைவிட்டு நோண்டினேன். அவள் திமிறினாள். வாயோரம் பச்சை எச்சில் வழிந்தது. அவர் லுங்கியோடு ஓடிவந்து, விஷயம் புரிந்ததும் உள்ளே போய் மருந்து பாட்டிலை எடுத்துவந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கும் அந்த மனுஷனுக்கு ஸ்கூட்டர் சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியவில்லை. அவர் கையிலிருந்து சாவியை வாங்கி நான்தான் போட்டேன்.

மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் போனோம். நடுவில் அவள். பின்னாலிருந்து அவள் வயிற்றைக் கட்டிப் பிடித்திருந்தேன். மூச்சு விடுகிறாளா, உடம்பு வெட்டுகிறதா என்று கையாலேயே கேட்டுக்கொண்டு வந்தேன். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், ஒரு பெயரும் முழுதாக வாயில் வரவில்லை. அவளோ அழுதுகொண்டே ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். "டாடி, ப்ளீஸ், காலேஜ் பக்கம் திருப்புங்க. டெஸ்ட் மிஸ் ஐத்தே கிந்த செக்ஷன்லோ வேஸ்தாரு." பரீட்சையை விட்டால் கீழ் செக்ஷனில் போட்டுவிடுவார்களாம்.

ஆஸ்பத்திரியில் பாட்டிலைப் பார்த்ததும் உள்ளே கொண்டுபோய் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். வெளியே பெஞ்சில் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். டாக்டரம்மா வெகுநேரம் கழித்து வந்து, உள்ளே போனது கொஞ்சம்தான், பயமில்லை, சாயங்காலம்வரை வைத்துப் பார்க்கலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மருந்து இல்லாவிட்டாலும் இந்த இலை வயிற்றுக்கு ஆகாது, அதிகம் தின்றால் வலிப்புகூட வரும், இது முதல்முறை மாதிரி தெரியவில்லை, எத்தனை நாளாகத் தின்கிறாள் என்று கேட்டார்.

எங்களுக்கு எப்படித் தெரியும்? அவளிடமே கேட்டோம். தசராவிலிருந்து என்றாள். புத்தகத்தில் வைத்துப் பார்த்தாளாம், மார்க் ஏறவில்லை. உள்ளே போனால்தான் பலிக்கும் என்று காலேஜில் ஒருத்தி சொன்னாளாம். முதல்முறை தின்றுவிட்டுப் பரீட்சைக்குப் போன ஞாயிற்றுக்கிழமையே மேல் செக்ஷன் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் தின்னாமல் போக அவளுக்குத் தைரியம் வரவில்லை. வாந்தியைப் பற்றிக் கேட்டதற்கு, எழுதி முடிக்கும்வரை அடக்கிக்கொள்வேன் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எங்கள் பெண் கணக்குப் புலி என்று அவர் ஃபாக்டரியில் சொல்லிக்கொள்வார். என் பக்கத்தில்தான் படுப்பாள். இத்தனை மாதமாகச் சிலிண்டரை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்தில் படுத்திருந்த இவ்வளவு பெரிய பயம் தெரியவில்லை.

பொழுது சாயும் முன் வீட்டுக்கு வந்தோம். வந்ததும் வராததுமாக அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ரசம் சோறு கரைத்து இரண்டு வாய் ஊட்டினேன். அவள் சுருண்டு படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். குழாய் உரசியதில் தொண்டை கட்டியிருந்தது.

"மம்மி, செடியில அடிச்ச மருந்து எத்தன நாள்ல போவும்?"

"எதுக்குக் கேக்கே?"

"நெக்ஸ்ட் சண்டே டெஸ்ட் இருக்குல்ல."

வெளியே முதல் வெட்டு விழுந்தது. அவள் தலையைத் தூக்கி வாசல் பக்கம் பார்த்தாள்.

"நீ இனிமே எந்த டெஸ்டுக்கும் போவண்டாம்ட்டி. யார் என்ன சொன்னாலும் சரி" என்றேன். பாரம் இறங்கி அழுவாள், என் மடியில் விழுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டபோதுகூட அந்த முகத்தில் நான் அப்படி ஒரு பயத்தைப் பார்க்கவில்லை.

"ப்ளீஸ் மம்மி, டெஸ்ட நிறுத்தாதீங்க. செடிய வெட்டாதீங்கன்னு டாடிகிட்ட சொல்லுங்க. நான் நல்லாக் கழுவிட்டுத் தின்னுக்கிடுதேன்."