கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டேன்

இன்று பெடாஸிலிருந்து சிரம்பான் வரும் பஸ்ஸில் ஒரு துப்பறியும் நாவல் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்கு எண்பது வயது தாண்டியிருக்கும்.

"கொலகாரன் யாருன்னு தெரிஞ்சிருச்சா?" என்றார்.

"இன்னும் இல்லம்மா."

வெள்ளைக்காரர் ஆட்சியில், மலாயாவின் அவசரகாலத்தில், அவருடைய எஸ்டேட் லயத்தில் பத்து வீட்டுக்கும் ஒரே நாவல்தானாம். காத்திருக்கப் பொறுமையில்லாமல் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் படித்திருக்கிறார்கள். கடைசிப் பகுதி அவர் அப்பாவின் சட்டைப்பையில் இருந்த அன்று, எஸ்டேட் கேட்டில் பட்டாளத்தின் சோதனை.

"அதுல துப்பாக்கி, ஒளிஞ்சிருக்கிற எடம்னு எழுதியிருந்துச்சு. காட்டுல உள்ள கம்யூனிஸ்டுகாரங்களுக்குப் போற சேதின்னு அப்பாவ லோரில ஏத்திட்டாங்க. வெறும் கதைதான்னு காட்ட புஸ்தக அட்டை வேணும், அது இன்னொரு வீட்டுல இருந்துச்சு. அம்மா அத வாங்கிட்டு ஓடுறதுக்குள்ள லோரி போயிருச்சு."

"அப்புறம் வந்தாரா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"அந்தக் கதையில யாரு கொன்னதுன்னு லயத்துல யாருக்குமே தெரியாதுலா. நீ கடைசிப் பக்கத்தப் படிம்மா."

"இது வேற கதைம்மா."

"இருக்கட்டும். இதுலயாச்சும் தெரியட்டும்."

படித்துக் காட்டினேன்.

"ஓ, இவன்தானா" என்று சொல்லிவிட்டு ராசா ஸ்டாப்பில் இறங்கிப் போனார்.

கதை முடிவை முன்கூட்டியே சொன்னவர்களை நம் வாசகர் குழுவில் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! இன்று என் முறை. வந்து திட்டுங்கள்.